கடைசி மாடியில் அம்மா, வெளிநாட்டில் மகன்: சித்திரை வெயிலைப் பற்றி ஒரு பதில்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான். அம்மா ரங்கூனில் தனியாக இருக்கிறார். வயது 78. லிஃப்ட் இல்லாத கட்டடம், கடைசி மாடி. பிரஷருக்கு லோசார்ட்டனும் நீர் மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இன்சுலினும் எடுக்கிறார். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னால் "தாகமே எடுக்கலப்பா" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும், இன்வெர்ட்டர் வாங்குவதா ஏசி வாங்குவதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்குள் வேறொரு கேள்வி இருக்கிறது. அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், நான் அங்கே இல்லை, அவருக்கு முடியவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியவரும்? லிட்டர் கணக்கும் ஏசியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

ரங்கூனில் தெருமுனை கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், அவர்களில் நம் ஆட்கள் நிறைய. உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவருடைய சிறுநீரக ரிப்போர்ட்டும் என் கையில் இல்லை. அதனால் எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதைப் பற்றி மட்டும் இங்கே வாய் திறக்கமாட்டேன். மற்றதைப் பேசலாம்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். "தாகமே எடுக்கல" என்று அம்மா சொல்வது பொய்யும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வயதாக ஆக உடம்பில் நீர் குறைந்தாலும் தாக உணர்வு சரியாக எழுவதில்லை. வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் வரும். சூட்டை வெளியே தள்ள இதயம் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டும், வயதான இதயத்துக்கு அது பெரிய வேலை. சிறுநீரகமும் இளமையில் போல நீரைப் பிடித்து வைக்காது. இத்தனையும் சேர்ந்தால், 30 வயதுக்காரருக்குப் பொறுக்கமுடியாத அறையில் 78 வயதுக்காரர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று உட்கார்ந்திருப்பார். இதில்தான் ஆபத்து. ஆகவே அவர் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். கடிகாரத்தையும் அறையில் மாட்டிய தெர்மாமீட்டரையும் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

வெயிலில் முதியவர்கள் சாவது பெரும்பாலும் வெயில் வாதத்தால் (ஹீட் ஸ்ட்ரோக்) இல்லை என்பதும் உறுதியாகத் தெரிந்ததே. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் செயலிழப்பது என்று வேறு பெயரில்தான் அந்தச் சாவு எழுதப்படும். 2003 ஆகஸ்ட்டில் பிரான்சில் வெப்ப அலை அடித்தபோது 15,000-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் ஜனங்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் 75-ஐத் தாண்டியவர்கள், நிறையப் பேர் வீட்டில் தனியாக இருந்தவர்கள். நம் ஊரில் 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. அதே நாளில் மாண்டலேயில் 44, ரங்கூனில் 40. சௌக்கின் எண்தான் செய்தியில் பெரிதாக வந்தது. என்னைக் கேட்டால் ரங்கூனின் 40 அதற்கு இளைத்ததில்லை. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்து ஓடும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ராத்திரியிலும் சூடு இறங்காமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால்தான் எனக்குப் பயம். உடம்பு ஓய்வெடுக்கும் நேரம் ராத்திரிதான், அதுவும் இல்லாமல் போனால் நாலாம் நாள் ஆள் சரிகிறார்.

இப்போது தண்ணீர். எத்தனை லிட்டர் என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்கிறவரை நம்பாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும் மூன்று லிட்டர் என்பது மூச்சுத்திணறலுக்கு வழி. உங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், அளவைச் சிறுநீரே சொல்லும். வெளிர் மஞ்சளாக, பகலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால் சரி. அடர் மஞ்சளாக, காலையிலிருந்து ஒரே தடவை என்றால் போதவில்லை. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்க வயதானவர்களால் முடியாது. ஒவ்வொரு மாத்திரையோடும், ஒவ்வொரு பூஜையோடும், கரண்ட் வரும்போதெல்லாம் என்று ஏதாவது ஒன்றோடு அரை டம்ளரை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

ஆனால் நான் பார்த்தவரையில், தண்ணீர் குடிக்காத பாட்டிமாரில் பாதிப்பேருக்குச் சிக்கல் தொண்டையில் இல்லை, கக்கூஸில் இருக்கிறது. முழங்கால் வலி, குத்துக்கால் போட்டு உட்கார வேண்டிய இந்தியன் டாய்லெட், அது வீட்டின் கடைசிக் கோடியில், கரண்ட் இல்லாத இருட்டு, ஈரத்தரை. மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீரும் இல்லை. "எதுக்குப்பா குடிச்சிட்டு அலையணும்" என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மகனிடம் இதைச் சொல்லக் கூச்சம். ஒரு கமோடு நாற்காலி, கைப்பிடிக்கு ஒரு கம்பி, சார்ஜ் ஏற்றிய ஒரு சின்ன விளக்கு, மூடிபோட்ட இரண்டு வாளித் தண்ணீர். ஏசி விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். இதை முதலில் செய்யுங்கள். மகளோ மருமகளோ இருந்தால் அவர்களை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், உண்மை வரும்.

குடிப்பது வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நீர்மோர், நீராகாரம், ரசம், தர்பூசணி, பர்மாக்காரர் சாப்பாட்டோடு வைக்கும் தெளிந்த சூப், டீக்கடை மேசையில் சும்மா கிடைக்குமே அந்த வெறுந்தேநீர், எல்லாம் கணக்கில் சேரும். டீ குடித்தால் உடம்பில் நீர் வற்றிவிடும் என்பார்கள். வழக்கமாகக் குடிக்கிற ஒன்றிரண்டு கோப்பையால் அப்படி ஆகாது. கட்டிப்பால் ஊற்றிய டீயில் உங்கள் அம்மாவுக்குப் பகை சர்க்கரைதான். நீர்மோரில் உப்பைக் கை தாங்கிப் போடச் சொல்லுங்கள். ஊறுகாய், கருவாடு, ஙப்பி (மீன், இறால் புளிக்கவைத்த விழுது) என்று நம் சாப்பாட்டில் ஏற்கெனவே உப்புக்குக் குறைவில்லை.

ஓ.ஆர்.எஸ். நல்ல மருந்து, தினப்படிப் பானம் இல்லை. பேதி, வாந்தி, அல்லது வெயிலில் வியர்த்துக் களைத்துப்போன நாளுக்கு அது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் இருக்கின்றன. பிரஷரும் சர்க்கரையும் உள்ள ஒருவர், லோசார்ட்டனும் சாப்பிட்டுக்கொண்டு, ஏப்ரல் மாதம் முழுக்க இதைக் குடித்தால் மூன்று பக்கமும் இடிதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்ல மனசு, அவரைக் கோபிக்காமல் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைக்கிற பழக்கமும் இங்கே உண்டு. முழுப் பொட்டலத்தையும் அதன்மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், நான் சொன்ன பொட்டலத்துக்கு அது ஒரு லிட்டர். இளநீரும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு டம்ளர் இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் உண்டு. லோசார்ட்டன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். சிறுநீரகம் சரியாக இருந்தால் எப்போதாவது ஒன்று குடிப்பதில் தப்பில்லை. தினமும் இரண்டு என்றால் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் நான் சரி என்று சொல்லமாட்டேன்.

மாத்திரைகளைப் பற்றி. நீர் மாத்திரை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் இறக்கும். லோசார்ட்டனோடு சேரும்போது, வெயிலில் நீர் குறைந்த நாளில் பிரஷர் தாழ்ந்து எழுந்திருக்கும்போது தலை சுற்றும், கீழே விழுவார், சிறுநீரகமும் அடி வாங்கும். கோடையில் பிரஷர் பொதுவாகவே கொஞ்சம் இறங்கும். மார்ச் மாதமே டாக்டரிடம் ஒரு தடவை கூட்டிப்போய், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லி, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. அப்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: வாந்தி பேதி வந்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ இதில் எந்த மாத்திரையை அன்றைக்கு நிறுத்தி வைப்பது? நீர் மாத்திரை, லோசார்ட்டன், மெட்ஃபார்மின் மூன்றையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டிவையுங்கள். தானாக நிறுத்துவதும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு தொடர்வதும் ஆபத்து.

இங்கே இன்னொரு விஷயம், வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் குறிப்புகளில் இருக்காது. மருந்துக்கடையில் சளி, உடம்புவலி என்று சொன்னால் நாலைந்து மாத்திரையைக் கலந்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்களே, அது. அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும், டைக்ளோஃபினாக் மாதிரி. நீர் மாத்திரை, லோசார்ட்டன், வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பது எந்த நாட்டு டாக்டரும் மறுக்காத விஷயம். உடம்பில் நீரும் குறைந்திருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். சளிக்குக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை வகை வியர்வையைக் குறைத்துவிடும். வெயில் காலத்தில் கிரியாட்டினின் ஏறி என்னிடம் வரும் முதியவர்களிடம் நான் முதலில் கேட்பதே இந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான். அம்மாவின் டப்பாவைத் திறந்து வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

அறைக்கு வருவோம். பகலில் 32, ராத்திரி 24 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏப்ரலில் ரங்கூனில் பல ராத்திரிகளில் வெளியிலேயே 24-க்குக் கீழே போவதில்லை, அதனால் அந்த எண்ணை வைத்துக் கவலைப்பட்டுப் பயனில்லை. நம் கட்டடங்கள் முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் ரயில் பெட்டி போல நீண்ட இருட்டு. நடு அறையில் காற்றே வராது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் முதியவரின் கட்டில் அங்கேதான் கிடக்கும். கோடை முடியும்வரை கட்டிலை முன்பக்கமோ பின்பக்கமோ, மேற்கு வெயில் படாத பக்கமாக மாற்றுங்கள். கடைசி மாடியாதலால் மொட்டைத்தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி உள்ளே இறக்கும். கட்டடக்காரர் சம்மதித்தால் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், கீற்றோ நிழல் வலையோ போடலாம். தகரக் கூரை என்றால் இது இன்னும் அவசியம். சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள், அடுப்புச் சூடும் அதே அறையில்தான் தங்கும்.

ஃபேனைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களே ஒத்துப்போவதில்லை. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதியவர்களுக்கு அந்த எல்லை 38, சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு 37 என்று வேறு ஆய்வுக் கணக்குகள் சொல்கின்றன. சரியான எண் எது என்று சண்டை போடாமல் நான் சொல்வது இதுதான்: தோலை நனைத்துவிட்டு ஃபேன் போடுங்கள். ஈரத்துணியால் கை, கால், கழுத்து, முதுகு துடைத்து, ஈரம் காயக்காயத் திரும்பத் துடைப்பது. வியர்வை செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்துவிடும். கரண்ட் இல்லாவிட்டாலும் பனையோலை விசிறி போதும். வெயிலில் இருந்து வந்த உடனே தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று நம் பாட்டிமாரும் சொல்வார்கள், பர்மாக்காரர்களும் சொல்வார்கள். பயப்படத் தேவையில்லை. ஐஸ் தண்ணீர் வேண்டாம், தொட்டித் தண்ணீரைக் காலில் தொடங்கி மெதுவாக ஊற்றிக்கொள்ளலாம். தனக்காவைப் பற்றிக் கேட்பார்கள், மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுவார்களே, அது. பூசும்போது காய்கிற ஈரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பூசிக்கொள்ளட்டும், அதை நம்பி வெயிலில் போகவேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேச்சு குழறுகிறார், நாள் கிழமை மாறுகிறது, எழுப்பினால் முழிக்காமல் முனகுகிறார், நடை தள்ளாடுகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது அவசரம். வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள், வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் வெயில் வாதம் வரும். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மாடிப்படி இறக்குவதற்கு ஆள் வரும்வரை சும்மா நிற்கக்கூடாது. துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. உங்கள் அம்மா இன்சுலின் போடுகிறவர் என்பதால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிட வேண்டும். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே உளறல்தான் வரும். வெயிலில் தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடுவதால் இன்சுலின் வேகமாக இறங்கும், சாப்பாடும் குறைந்திருக்கும். முகம் கோணினாலோ ஒரு பக்கக் கை விழுந்தாலோ பக்கவாதம், அதற்கு நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

இன்வெர்ட்டரா ஏசியா என்று கேட்டீர்கள். ஏசியைப் போல முதியவரைக் காப்பாற்றுவது வேறொன்றில்லை, கரண்ட் இருந்தால். மணிக்கணக்கில் கரண்ட் போகிற ஊரில் நான் பணத்தை பேட்டரி, இன்வெர்ட்டர், ஒரு நல்ல ஸ்டாண்ட் ஃபேன், முடிந்தால் சோலார் பலகை என்றுதான் போடுவேன். ஃபேனும் விளக்கும் ராத்திரி முழுக்க ஓடினால் பெரிய விஷயம். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின், அதன் வகைக்கு ஏற்ப, 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம்வரை தாங்கும். பிரிக்காததைத்தான் ஃபிரிட்ஜில் வைத்தாக வேண்டும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பதே பாதி வேலை. மண்பானை நல்ல உபாயம்: இன்சுலினை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, ஈர மணலில் பதித்த பானைக்குள் வைப்பது. மாண்டலே பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாகவே குளிரும். ரங்கூனில் மே மாதம் மழைக்கு முந்தைய ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைத்து உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இனி நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. போனில் "சாப்பிட்டீங்களாம்மா, நல்லா இருக்கீங்களா" என்றால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். காலையிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க, என்ன நிறம், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, சுவரில் இருக்கிற மீட்டரில் எத்தனை காட்டுது, நேத்து யார் வீட்டுக்கு வந்தாங்க? பதில் தெளிவாக வருகிறதா என்பதையும் கேளுங்கள். ஆனால் போன் மட்டும் போதாது, நெட்வொர்க்கும் கரண்டைப் போலத்தான். நாளுக்கு இரண்டு தடவை, காலையிலும் மாலை நாலு மணிக்கும், படியேறி வந்து முகம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு மாதம் கொஞ்சம் பணம் கொடுத்தாவது ஏற்பாடு செய்யுங்கள். ரங்கூன் மாடிகளில் பால்கனியிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பும் பையும், காய்கறிக்காரர் அதில் போட்டுவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அந்தக் கயிற்றையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். காலை ஏழரைக்குள் பை இறங்காவிட்டால் கீழே கடைக்காரர் மேலே ஆள் அனுப்பிவிடுவார். செலவே இல்லை.

நடுப்பகலில் கீழ்த்தளத்துச் சொந்தக்காரர் வீடோ, கோயில் மண்டபமோ கிடைத்தால் நல்லதுதான். ஆனால் மாடிப்படி ஏறுவதே 78 வயதில் ஒரு பாரம். ஒன்பது மணிக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு ஒரே தடவை ஏறுவதாக இருந்தால் மட்டும் போகட்டும். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் விரதமிருந்து தீமிதி பார்க்க வெயிலில் நிற்பதும், நோன்பு நாளில் நம் முஸ்லிம் பெரியவர்கள் நீர் மாத்திரையோடு பகலெல்லாம் இருப்பதும் டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை. மாத்திரையின் நேரத்தை மாற்றுவதா, நோன்பை விடுவதா என்பதை அவர் ஆளைப் பார்த்துச் சொல்வார்.

திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, விடுமுறை வெயில் உச்சத்தில்தான் வரும். பல கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மூடிக்கிடக்கும், தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு, வண்டி போகாது. ஏப்ரல் 10-க்குள் மூன்று வாரத்துக்கான மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் பட்டை, இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். வீட்டில் இருக்கட்டும். தெருவில் உள்ள தரும ஆம்புலன்ஸ் சங்கத்தின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்த பிறகு அந்த எண்களை இங்கே எழுதினால், இளநீரைப் பற்றியும் தண்ணீர் அளவைப் பற்றியும் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும்.